நிக்கத் தெரியுமாங் கண்ணு உங்க வண்டிக்கு?

டீம் ஆரம்பிச்சாச்சுன்னு பேரன் சொன்னான். ரொம்ப சந்தோசமுங் கண்ணு. ஆளில்லாம ஓடற கரண்டு ரேஸ் காரு. பேரு வெச்சிருப்பீங்களே? மின்னல், காத்து, வேகம்னு அர்த்தம் வர்றாப்புல வடமொழியில ஒண்ணு, அதுக்கு அடியில சாஞ்ச கோடு நாலு. பனியன் அடிச்சாச்சு. இன்ஸ்டாகிராமுல பக்கம் தொறந்து 'விரைவில்'னு படம் போட்டாச்சு. கேப்டன் ஒருத்தரு, துணைக் கேப்டன் ரெண்டு பேரு, டெக்னிக்கல் ஹெட்டு, மார்க்கெட்டிங் ஹெட்டு, அந்த ஹெட்டுகளுக்கெல்லாம் மேல இன்னொரு ஹெட்டு. தலைக்குப் பஞ்சமில்லை. ஸ்பேனர் புடிக்கற கையி ரெண்டு இருந்தாப் போதும். வண்டி ஒண்ணுதான் பாக்கி, அது மெதுவா வரட்டும், என்ன அவசரம்.

ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கறனுங். ரேஸ் காருன்னா ஓட்டறவன் ஒருத்தன் இருப்பான். அந்த ஒருத்தனை எறக்கி விட்டுப்போட்டு, அவன் பாத்த வேலையப் பாக்கறதுக்கு நீங்க நாப்பது பேரு சேந்திருக்கீங்க. வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு இதைவிட நல்ல மருந்து எங்கீங் இருக்குது? கவருமெண்டுக்கு எழுதிப் போடுங்க.

கெழவனுக்கு என்ன தெரியும்னு அந்த அம்மணி சிரிக்குது. ஒண்ணுந் தெரியாது அம்மணி. பீளமேட்டுல மோட்டார் பம்பு பட்டறையில பிட்டரா இருந்து வெளிய வந்தவன். இப்ப தென்னைக்குத் தண்ணி கட்டறேன். பேரன்தான், காலேஜ் பசங்களுக்கு ரேஸ் காருப் போட்டி நடத்தற ஜெர்மனிக்காரனுக ரூல்ஸ் புஸ்தகத்தை பிரிண்டு போட்டுக் குடுத்தான். ராத்திரி தூக்கம் வர்றதில்லை, பென்சிலால கோடு போட்டுப் போட்டுப் படிச்சேன். நீங்க படிச்சீங்களான்னு நான் கேக்க மாட்டேன். படிச்ச புள்ளைங்களைப் பாத்து அப்பிடிக் கேக்கறது மரியாதையில்லீங்.

நம்மூரு சங்கதியில இருந்தே வாரேன். செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்குதல்லோ, 2003-ல தொறந்தது. 'கரி'ன்னு ஏன் பேரு வெச்சாங்கன்னு உங்க டீமுல ஒரு தம்பியக் கேட்டேன். டயரு தேஞ்சு ரோடு கரியா இருக்கறதாலைங்கன்னுச்சு. நல்ல மூளை, விட்டுறாதீங்க, மார்க்கெட்டிங்குல போடுங்க. அது கரிவர்தன் பேரு. கோயமுத்தூரு மில்லுக் குடும்பத்துப் புள்ளை. சீமையில இருந்து ரேஸ் காரு எறக்கற வசதி எல்லாருக்கும் இல்லைன்னு தெரிஞ்சு, சந்தையில கெடைக்கற மாருதி 800 எஞ்சினை எடுத்துப் பார்முலா மாருதின்னு ஒத்தை ஆளு ரேஸ் காரு பண்ணுனாரு. நரேன் கார்த்திகேயன் அந்த வண்டியில பழகித்தான் 2005-ல பார்முலா ஒன் வரைக்கும் போனாரு. கரிவர்தன் 1995-ல சின்ன விமானம் ஒண்ணு விழுந்து போயிச் சேந்துட்டாரு. மனுசன் நல்ல எஞ்சின் வரட்டும், அப்பறம் பண்ணலாம்னு உக்காந்திருக்கலை. நீங்க லைடாருங்கற லேசர் கண்ணுக்கு ஸ்பான்சர் வரட்டும்னு உக்காந்திருக்கீங்க. தப்பில்லீங். உக்கார்றதுக்கும் ஒரு பொறுமை வேணும்.

அதே ஸ்பீட்வேயிலதான் தை மாசத்து வாக்குல பார்முலா பாரத்துன்னு காலேஜ் பசங்க போட்டி நடக்குது. போயிப் பாத்திருக்கீங்களா, இல்லை செல்பிக்குப் போனீங்களா? நான் பாக்கறது டிராக்கை இல்லை. பரிசோதனை நடக்கற கொட்டாயி ஓரமா நின்னுக்குவேன். எத்தனையோ ராத்திரி முழிச்சுப் பண்ணுன வண்டி அங்கதான் மூக்கொடைஞ்சு நிக்கும். பெயிண்டு பளபளன்னு மின்னும், ஸ்டிக்கர் நாப்பது ஒட்டியிருக்கும், ஒரு நட்டுக்கு லாக் இருக்காது. பரிசோதிக்கற ஆளு விரலை வெச்சு அந்த ஒரு எடத்தைக் காட்டுவாரு. அப்ப பாக்கோணும் கேப்டன் மூஞ்சிய. பொறத்தால திரும்பி யாரைத் திட்டறதுன்னு தேடும்.

ஆளில்லாத வண்டிக்கு வாரேன். ஜெர்மனியில ஹாக்கன்ஹைம்னு ஒரு ரேஸ் டிராக்கு. 2006-ல இருந்து காலேஜ் பசங்களுக்குப் போட்டி நடத்தறாங்க. 2010-ல கரண்டு வண்டிக்குத் தனி வகுப்பு வெச்சாங்க, 2017-ல ஆளில்லாத வண்டிக்கு. மொத வருசம் செயிச்சது யாரு? சூரிச்சுல இருந்து வந்த பசங்க, ஏ.எம்.செட்டுன்னு டீமு பேரு. எந்த வண்டியில செயிச்சாங்க? அதைக் கேளுங்க மொதல்ல. புது வண்டியில இல்லீங். 2015-ல ஆளு உக்காந்து ஓட்டுன பழைய வண்டி, புளூவேலான்னு பேரு, மூலையில கெடந்துச்சு. அதை இழுத்தாந்து கண்ணு வெச்சு, மூளை வெச்சு, ஸ்டியரிங்குக்கு மோட்டார் வெச்சு விட்டாங்க. ஓடற வண்டி ஏற்கெனவே கையில இருந்துச்சு, அதனால சாப்ட்வேர்க்காரங்களுக்கு ஓட்டிப் பாக்க நாளு கெடைச்சுது.

உங்க திட்டத்தையும் பேரன் காட்டுனான். நல்லா வரைஞ்சிருக்கீங்க, கலரு கலரா. மெக்கானிக்கல் பசங்க சேசிஸைக் கார்த்திகையில முடிப்பாங்களாம். எலெக்ட்ரிக்கல் பசங்க மார்கழியில வயரு இழுப்பாங்களாம். கம்ப்யூட்டர் பசங்களுக்குக் கடைசி ரெண்டு வாரம். நான் பட்டறையில பாத்த வரைக்கும், கார்த்திகையில முடியும்னு சொன்ன வேலை கார்த்திகையில முடிஞ்சதே இல்லீங், அதுவும் வெல்டிங்கு வேலை. மெக்கானிக்கல் பசங்க பத்து நாளு எச்சா எடுப்பாங்க, எலெக்ட்ரிக்கல் பசங்க மீதியப் பூராத் தின்னுபோடுவாங்க. கம்ப்யூட்டர் பசங்க கையில வண்டி வர்றப்ப லாரி வாசல்ல நிக்கும், ஏத்துறதுக்கு. அப்பறம் தோத்துட்டு வந்து, 'சாப்ட்வேர் சரியில்லை'ன்னு பேச்சு. அந்தச் சண்டை இருக்குதே, அதை மட்டும் குறிச்ச நாள்ல கரெக்டா ஆரம்பிச்சுருவீங்க.

உங்க சீனியருக பண்ணுன வண்டி ஒண்ணு ஒர்க்‌ஷாப்பு பொறத்தால தார்ப்பாய் போட்டுக் கெடக்குதுன்னு கேள்வி. அதை எடுக்கறது கவுரவக் கொறைச்சல், இல்லீங்களா? சூரிச்சுக்காரனுக்குக் கவுரவம் கம்மி, அவன் எடுத்துக்கிட்டான்.

அவங்களே 2023 செப்டம்பர்ல இன்னொரு வேலை பண்ணுனாங்க. மைத்தன்னு ஒரு கரண்டு வண்டி, எடை 140 கிலோவாட்டம். நின்ன எடத்துல இருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 0.956 செகண்டுல புடிச்சிருச்சு. ஓடுன தூரம் 12.3 மீட்டர்தான். சக்கரம் சறுக்காம இருக்கறதுக்கு வண்டிக்கு அடியில இருக்கற காத்தை உறிஞ்சித் தரையோட ஒட்ட வெச்சிருக்காங்க. உலக சாதனைன்னு எல்லாரும் கை தட்டுனாங்க. உங்க குரூப்புலயும் அந்த வீடியோ சுத்துது, கீழ 'நம்ம டார்கெட்'னு ஒருத்தர் எழுதியிருக்கறாரு. எழுதட்டும். ஆனா அந்த வண்டிய ஒரு பொண்ணு உக்காந்து ஓட்டுச்சுங்கறதை மறந்துறாதீங்க. ஆளில்லாம ஓட்டறது வேற கணக்கு. அங்க மொதல் கஷ்டம் ஓடறதே இல்லை.

உங்க கேப்டன் தம்பி காலேஜ் விழாவுல மைக்கைப் புடிச்சு, 'நம்ம முன்னோர் காலத்துலயே ஆளில்லா வண்டி இருந்தது, வண்டிக்காரன் தூங்கிட்டாலும் மாடு ஊட்டுக்குக் கொண்டாந்து சேத்துரும்'னு பேசுச்சாம். கைத்தட்டு காதைப் பொளந்துச்சாம். தட்டுனதுல ஒருத்தரும் மாடு பூட்டுனவங்க இல்லைன்னு எனக்குத் தெரியும். மாடு ஊட்டுக்கு வந்தது பாதை தெரிஞ்சுக்கிட்டு இல்லீங், கட்டுத்தறியில தீவனம் கெடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு. வழியில எவனாச்சும் சோளத்தட்டுப் போரு போட்டிருந்தா வண்டி அங்கதான் நிக்கும், வெடியால பஞ்சாயத்துல நாம நிக்கோணும். உங்க வண்டிக்கு ஊடும் இல்லை, தீவனமும் இல்லை. எங்க போகோணும்னு அதுக்கா ஒரு ஆசையும் கெடையாது. பாதை ஓரத்துல வெச்ச கூம்பு எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம் போகும். கூம்பு கண்ணுக்குத் தெரியலைன்னா நீங்க எழுதி வெச்ச பக்கம் போகும். நீங்க எழுதாம விட்டிருந்தா?

எழுதாம விட்ட கதை ஒண்ணு சொல்றனுங். 2020-ல ரோபோரேஸ்னு ஆளில்லா வண்டிப் பந்தயம் ஒண்ணு நடந்துச்சு. சுவிட்சர்லாந்து டீமு ஒண்ணு கெளம்பற எடத்துல வண்டிய நிப்பாட்டி வெச்சிருக்குது. கெளம்புன்னு சொன்னதும் வண்டி நேராப் போகலை. நின்ன எடத்துலயே ஒடிச்சுத் திரும்பி, வேகம் எடுத்துப் போயி பக்கத்துச் சொவத்துல மொட்டுன்னு முட்டுச்சு. நேரலையில எத்தனை பேரு பாத்தாங்களோ. உள்ள ஆளில்லை, நல்ல வேளை. அப்பறம் அந்தப் பசங்களே காரணத்தை ஒளிக்காம எழுதுனாங்க, அதுக்கே ஒரு மாலை போடோணும். வண்டியத் தயார் பண்றதுக்குன்னு முன்கூட்டி ஓட்டுன சுத்துல ஏதோ கோளாறாகி, ஸ்டியரிங்குக்குப் போற கணக்குல எண்ணே இல்லாத ஒண்ணு நொழைஞ்சிருச்சு. 'NaN'னு சொல்றீங்களே, அது. எத்தனை டிகிரி திருப்போணும்னு ஸ்டியரிங்கு கேட்டா, எண்ணே இல்லைன்னு பதில். ஸ்டியரிங்கு போற வரைக்கும் போயி ஒரு மூலையில நின்னுக்கிச்சு. ஆக்சிலேட்டருக்கு இந்த விசயம் எதுவும் தெரியாது, அது பாட்டுக்குக் குடுத்துக்கிட்டே இருந்துச்சு.

வண்டி ரோட்டைப் பாத்துச்சு, மேப்பு இருந்துச்சு, கணக்குப் போடற மூளை இருந்துச்சு. வந்தது எண்ணுதானான்னு கேக்கற ஒரு வரி இல்லை. உங்க சாப்ட்வேர் தம்பிகிட்ட, 'கேமரா வயரை இப்பப் புடுங்குனா வண்டி என்ன பண்ணும்?'னு கேட்டேன். 'யாருங்க புடுங்குவாங்க?'ன்னுச்சு. நான் புடுங்குவனுங் கண்ணு. நான் இல்லைன்னா குலுக்கல் புடுங்கும்.

கூம்பு விசயத்துல மட்டும் எனக்கு இந்த வேலை மேல ஒரு ஆசையே வந்துருச்சு. எடது பக்கம் நீலக் கூம்பு, வலது பக்கம் மஞ்சக் கூம்பு, ஒசரம் 325 மில்லிமீட்டர், ஒரு முழங்கூட இல்லை. நீலத்துக்கு நடுவுல வெள்ளைப் பட்டை, மஞ்சளுக்கு நடுவுல கருப்புப் பட்டை. பட்டை எதுக்கு, அழகுக்கான்னு பேரனைக் கேட்டேன். அவன் லைடாரு பாத்த படத்தை லேப்டாப்புல காட்டுனான். வெறும் புள்ளி புள்ளியா இருக்குது, கலரே தெரியலை. ஆனா ஒரு கூம்புல நடுப் புள்ளி வெளிச்சமா இருக்குது, இன்னொண்ணுல நடுப் புள்ளி மங்கலா இருக்குது. வெள்ளைப் பட்டை லேசரைத் திருப்பி அனுப்புது, கருப்பு முழுங்கிப் போடுது. கேமரா கண்ணுல சூரியன் அடிச்சாலும் இதை வெச்சு எது எடது, எது வலதுன்னு கண்டுபுடிச்சுக்கலாம். சபாசுன்னேன். உடனே ஒரு கேள்வியும் கேட்டேன். லைடாருக்கு ஒரு கடிகாரம், கேமராவுக்கு ஒரு கடிகாரம், ரெண்டும் ஒரே நேரம் காட்டுதா? பேரன் தலையச் சொறிஞ்சான். மணிக்கு 36 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 10 மீட்டர். ரெண்டு கடிகாரத்துக்கும் பத்துல ஒரு செகண்டு வித்தியாசம் இருந்தா, ஒரே கூம்பு ரெண்டு கண்ணுக்கும் ஒரு மீட்டர் தள்ளித் தெரியும். பாதையே மூணு மீட்டர் அகலம் இருந்தாப் போதும்னு ரூலு சொல்லுது. ஒரு மீட்டரை நீங்க எங்க போயிக் கடன் வாங்குவீங்க? கூம்பு ஒண்ணைத் தட்டுனா ரெண்டு செகண்டு அபராதம் வேற.

இன்னொண்ணு. கூம்பை அடையாளங் கண்டுக்கறதுக்கு ஆயிரக்கணக்குல படம் வேணும், ஒவ்வொரு கூம்பைச் சுத்தியும் கட்டம் போட்டுக் காட்டோணும். இந்த வேலையப் பல நாட்டுக் காலேஜ் டீமுக சேந்து செஞ்சு ஒரே எடத்துல குவிச்சு வெச்சிருக்காங்க, எப்சோகோன்னு பேரு. ஆனா ஆரம்பத்துல சும்மாக் குடுக்கலை. நீ கட்டம் போட்ட படத்தைக் கொண்டாந்து போடு, அப்பத்தான் எங்க படம் உனக்குன்னாங்க. நம்மூரு மொய் நோட்டு இதுதானே! நீங்க மொய் வெக்காம பந்தியில உக்காரப் பாக்கறீங்க. கட்டம் போடற வேலைய மொத வருசப் பசங்க தலையில கட்டுனீங்களாமே, அவங்களுக்கு வேலை இன்னதுன்னே சொல்லாம? ஒரு பையன் நீலக் கூம்பை மஞ்சள்னு குறிச்சே ஒரு ஞாயித்துக்கெழமையத் தள்ளியிருக்கறான். அந்த வண்டி எடது பக்கத்தை வலதுன்னு நெனைச்சுக்கிட்டு டிராக்குக்கு வெளிய ஒரு டிராக்கு ஓட்டும். பாக்க நல்லாத்தான் இருக்கும்.

கரண்டைப் பத்தி நான் வெளையாட்டாப் பேசமாட்டேன். என்ற தோட்டத்து மோட்டாரு 5 எச்.பி. உங்க வண்டிக்கு 80 கிலோவாட் வரைக்கும் எடுத்துக்கலாம்னு ரூலு, நூறு எச்.பி.க்கு மேல வருது. த்ரீ பேஸு 440 வோல்ட்டுப் பொட்டியத் தொறக்கறதுக்கே நாங்க செருப்பு, கையி, தரை எல்லாம் காஞ்சிருக்குதான்னு பாப்போம். உங்களுக்கு 600 வோல்ட்டு டி.சி. வரைக்கும் போகலாமாம். செவப்பு வெளக்கு மினுக்கினா உள்ள கரண்டு இருக்குது, பச்சை எரிஞ்சாத்தான் தொடலாம். அந்த வெளக்கை மொதல்ல மாட்டுங்க, பெயிண்டு அப்பறம். மழைச் சோதனையின்னு ஒண்ணு இருக்குது, 120 செகண்டு வண்டி மேல தண்ணி அடிப்பாங்க, அப்பறம் இன்னொரு 120 செகண்டு சும்மா நின்னு பாப்பாங்க, கசிவு காட்டக் கூடாது. அதை அங்க போயி மொத தடவையாப் பாக்கறதுக்குப் பதிலா இங்கயே பாருங்க.

வயரைப் பத்தியும் சொல்லிப் போடறேன். போன மாசம் உங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்தப்ப, வண்டிக்குன்னு பண்ணி வெச்சிருந்த ஒரு கனெக்டர்ல நாலு வயரு போயிருந்துச்சு. அழகாச் சுருட்டி, கருப்புச் சட்டை போட்டு, டேக்கு கட்டியிருந்தீங்க. சும்மா ரெண்டு விரல்ல ஒரு வயரைப் புடிச்சேன், இழுக்கக்கூட இல்லை, கையோட வந்துருச்சு. உள்ள பாத்தா செம்புக் கம்பி பின்னுக்குள்ளயே போகலை, பிளாஸ்டிக்கு மேல கிரிம்ப் அடிச்சிருக்குது. அது எந்த வயருன்னு கேட்டேன். பிரேக்குக்குப் போறதாம். கிரிம்ப் அடிக்கற கருவி வாங்குனா காசு ஆகும்னு கட்டிங் பிளேயர்ல அடிச்சாங்களாம். பனியனுக்கு எவ்வளவு ஆச்சுன்னு நான் கேக்கலை.

எல்லாத்தையும்விட எனக்குப் புடிச்ச ரூலு ஒண்ணு சொல்றேன், அதை எழுதுனவன் கையக் கண்ணுல ஒத்திக்கலாம். எங்க காலத்துல ரேக்ளா 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டுவோம். கோடு தாண்டுனதும் மாடு நிக்குமா? எளவட்டங்க பொறத்தாலயே ஓடிப் புடிக்கோணும். உங்க போட்டியில நேர் ஓட்டம் 75 மீட்டர். கோட்டைத் தாண்டுன பொறவு 100 மீட்டருக்குள்ள வண்டி தானா முழுசா நிக்கோணும், நின்னு 'முடிஞ்சுது'ன்னு நீல வெளக்கை எரிய விடோணும். ஓடறதுக்குக் குடுத்ததைவிட நிக்கறதுக்கு எடம் எச்சாக் குடுத்திருக்கான் பாருங்க. அதுக்கும் மேல ஒண்ணு: ரிமோட்டுல செவப்புப் பொத்தானை அமுத்துனா 40 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி 10 மீட்டருக்குள்ள நிக்கோணும். அமுத்தி 200 மில்லிசெகண்டுக்குள்ள பிரேக்கு புடிக்க ஆரம்பிச்சிருக்கோணும். அந்தக் கண்ணு மூடித் தொறக்கற நேரத்துலயே வண்டி ரெண்டு மீட்டரைத் தின்னுருக்கும். வண்டியில கரண்டே செத்துப் போனாலும் பிரேக்கு தானாப் புடிக்கோணும். அதனாலதான் நெறையப் பேரு காத்தை அழுத்தி அடைச்சு அதுக்குன்னே தனியா ஒரு குப்பி வெக்கறாங்க. மஞ்ச வெளக்கு நின்னு எரிஞ்சாத் தயாரு, மினுக்கினா ஓடுது, நீலம் மினுக்கிச் சங்கு ஊதுனா ஏதோ ஆபத்துல நின்னுருச்சு. எந்த வெளக்கும் எரியாம வண்டி நகந்துச்சுன்னா ஓடிருங்க, அதுக்கு ரூலு தேவையில்லை.

உங்க டீமுல இந்த பிரேக்கு வேலைய யாரு பாக்கறாங்கன்னு பட்டியல்ல தேடுனேன். ஸ்பீடுக்கு ஆறு பேரு. ஏரோடைனமிக்ஸுக்கு அஞ்சு பேரு. சமூக ஊடகத்துக்கு நாலு பேரு. பிரேக்குக்கு எதிர்ல 'பிறகு முடிவு செய்யப்படும்'னு எழுதியிருக்குது. எந்தப் பொறவு கண்ணு? சொவத்துல முட்டுன பொறவா?

காலேஜ் விசயம் என்ற அனுபவத்துக்கு வெளிய, ரெண்டே வார்த்தை. ஆறு மணிக்கு லேப்பைப் பூட்டற வாட்ச்மேன் மனசு கோணாம பாத்துக்கங்க, அவரு பிரின்சிபாலைவிடப் பெரிய ஆளு. ஸ்பான்சர்கிட்டப் போறப்ப வண்டிப் படத்தைக் காட்டாதீங்க, கம்ப்யூட்டர்ல வரைஞ்சது அவங்களுக்குத் தெரியும். கணக்கு நோட்டைக் காட்டுங்க, கோயமுத்தூருக்காரன் அதுக்குத்தான் மடங்குவான்.

சரி, வந்த காரியத்துக்கு வாங்க. இவ்வளவு நேரம் ஒரு கெழவன் பேச்சை ஒருத்தரும் போனை நோண்டாமக் கேட்டீங்கன்னா என்னமோ வேணும்னுதானே அர்த்தம்? பேரன் காலையிலயே ஒளறிட்டான். தேங்காக் களம் வேணும். சிமெண்டு தளம், மேடு பள்ளமில்லை, சுத்தியும் ஆளில்லை, கூம்பு வெச்சு எட்டுப் போட்டுப் பாக்கலாம்னு கணக்குப் போட்டிருக்கீங்க. நல்ல கணக்குத்தான். தர்றேன். ஞாயித்துக்கெழம மட்டும், கொப்பரை காயப் போடாத வாரம் மட்டும்.

தோட்டத்து சர்வீஸுல வண்டிக்குச் சார்ஜ் போடக் கூடாது. அது வெவசாயத்துக்குக் குடுத்த எலவசக் கரண்டு, ஈ.பி.காரன் வந்தா உங்களைக் கூட்டிக்கிட்டுப் போக மாட்டான், என்னையத்தான் கூட்டிக்கிட்டுப் போவான். பேட்டரிய ஊட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது. களத்துக் கெழக்கால என்ற தென்னம்புள்ளைங்க நட்டு மூணு வருசமாச்சு, வண்டி அங்க போயி நின்னா ஒரு கன்னுக்கு ரெண்டு கன்னு வெச்சுக் குடுத்துட்டுப் போகோணும். அந்தச் செவப்புப் பொத்தான் ரிமோட்டு இருக்குதே, அது என்ற கையில இருக்கும். கேப்டன் தம்பி கோவிச்சுக்கக் கூடாது, அவரு வீடியோ எடுத்துக்கிட்டு இருப்பாரு, பாவம், எப்பிடி அமுத்துவாரு? வயரு புடுங்கற வேலையும் நான்தான் பாப்பேன், எந்த வயரு, எப்பன்னு சொல்ல மாட்டேன்.

மத்தியானச் சோத்துக்கு எத்தனை பேருன்னு அமுச்சிகிட்ட இப்பவே சொல்லிட்டுப் போங்க, அரிசி போடோணும். பட்டியல்ல இருக்கற நாப்பது பேரை இல்லீங் கண்ணு. வேலை செய்யறவங்களை மட்டும் எண்ணிச் சொல்லுங்க.